பறவைக் காலில் ஒரு வளையம்

ஐப்பசி மாதம் பிறக்கும் தறுவாயில் அந்தமான் தீவுகளுக்கு இரண்டு வரவுகள் உண்டு. ஒன்று வடகிழக்குப் பருவக்காற்று. மற்றொன்று, அக்காற்றுக்குச் சில வாரங்கள் முன்னரே வந்திறங்கத் தொடங்கும் வடநாட்டுப் பறவைகள். காற்றின் வரவை வானிலை நிலையத்தார் நமக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுகின்றனர். பறவைகளின் வரவை அறிவிப்பார் எவருமிலர். ஃபீனிக்ஸ் பே படகுத்துறையில் தீவுப் படகுக்காகக் காத்து நிற்கும் நம்மில் எத்தனை பேர், கரையோரக் கற்களின் மேல் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சின்னஞ்சிறு உள்ளானைத் திரும்பிப் பார்த்திருப்போம்? சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர் மூன்று நாட் பயணத்தைப் பெரிதாகப் பேசுகிறார். அவர் கால்வைத்த அதே கரையில், இமயத்துக்கும் அப்பாலிருந்து, வழிகாட்டும் கருவி ஏதுமின்றி வந்து சேர்ந்த ஓர் உயிர் இரை பொறுக்கிக்கொண்டிருக்கிறது.

அது எங்கிருந்து வந்தது, எந்த வழியாக வந்தது, அடுத்த ஆண்டும் இதே கரைக்கு வருமா என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண மனிதன் கண்டுபிடித்த மிக எளிய கருவியைப் பற்றியே இன்று பேசப் போகிறோம். அது பறவையின் காலில் பூட்டும் ஓர் உலோக வளையம்.

பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்கின்றன என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். வறுமையில் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரிப் பக்கம் சென்று வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவியிடம் தூது விட்டதாகப் பாடினார். பறவை எந்தப் பருவத்தில் எத்திசை நோக்கிச் செல்லும் என்பதை நாள்தோறும் கண்டு பழகியவருக்கே அத்தகைய கற்பனை தோன்றும். மேலை நாட்டிலோ, அரிஸ்டாட்டில் போன்ற பேரறிஞரே குளிர்காலத்தில் தகைவிலான் குருவிகள் பொந்துகளில் ஒளிந்து உறங்குவதாக எழுதி வைத்தார். அக்கருத்து பல நூற்றாண்டுகள் செல்வாக்குடன் விளங்கிற்று. 1822ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு செங்கால் நாரை கழுத்தில் பாய்ந்த ஈட்டியுடன் காணப்பட்டது. அந்த ஈட்டி ஆப்பிரிக்க மக்கள் செய்தது. புண்பட்ட அந்தப் பறவை கண்டம் விட்டுக் கண்டம் தாண்டியதற்குத் தன் உடலிலேயே சான்று தாங்கி வந்தது.

பறவைக்குத் துன்பம் விளைக்காமல் அத்தகைய சான்றைத் தர வழி கண்டவர் டென்மார்க்கு நாட்டில் விபோர்க் நகரத்துப் பள்ளி ஆசிரியரான மார்டென்சன் என்பவர். முதலில் அவர் துத்தநாக வளையங்களைச் செய்து பார்த்தார். அவை பறவைக்குப் பாரமாயிருந்தன. பின்னர் 1899ஆம் ஆண்டில், இலேசான அலுமினிய வளையங்களில் எண்ணும் முகவரியும் பொறித்து, 165 மைனா இனப் பறவைகளின் கால்களில் பூட்டி விடுத்தார். எண்ணும் முகவரியும் சேர்ந்ததே இம்முறையின் உயிர். எண் அந்தப் பறவையை மற்றப் பறவைகளினின்றும் பிரித்துக் காட்டும். முகவரி, அதைக் காண்பவன் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும். பறவையைத் தபாற்காரனாகவும், முன்பின் அறியாத மனிதனைப் பதில் எழுதுபவனாகவும் ஆக்கிய ஏற்பாடு இது.

இங்கிலாந்தில் 1909ஆம் ஆண்டில் இத்தகைய முயற்சி தொடங்கிற்று. 1911ஆம் ஆண்டு மே மாதம், ஸ்டாஃபர்ட்ஷயர் வட்டாரத்தில் வாழ்ந்த ஜான் மேஸ்ஃபீல்ட் என்ற வழக்கறிஞர் தம் வீட்டில் கூடு கட்டியிருந்த தகைவிலான் ஒன்றுக்கு வளையமிட்டார். 1912ஆம் ஆண்டு டிசம்பரில், தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் ஒரு பண்ணை வீட்டில் அப்பறவை பிடிபட்டது. வளையத்தில் இருந்த முகவரிக்குக் கடிதம் போயிற்று. பிரிட்டனின் தகைவிலான்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் இடம் எது என்ற நெடுநாள் வினாவுக்கு அந்த ஒரே கடிதம் விடை தந்தது. இதில் நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. வளையமிட்டவர் தொழிலால் விஞ்ஞானி அல்லர். கடிதம் எழுதியவரும் அல்லர். முன்னவர் ஓய்வு நேரத்தில் தொண்டு செய்தவர். பின்னவர் கையில் கிடைத்ததை எறியாமல் ஒரு கடிதம் எழுதியவர். இவ்விருவரில் எவர் தவறியிருந்தாலும் அந்த உண்மை வெளிப்பட்டிராது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1883ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1920களின் பிற்பகுதியில் தார் சமஸ்தானத்து மன்னரின் ஆதரவோடு பறவைக்கு வளையமிடும் பணியைத் தொடங்கிற்று. ஆயினும் அப்பணி பெருக வளர்ந்ததற்குக் காரணமாயிருந்தது ஒரு நோய். 1957ஆம் ஆண்டில் கன்னட நாட்டின் ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மக்களையும் கொடிய காய்ச்சல் பற்றிற்று. அதன் கிருமி ருஷிய நாட்டில் உண்ணிகளால் பரவும் ஒரு நோயின் கிருமியை ஒத்திருக்கவே, சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்தனவோ என்ற ஐயம் பிறந்தது. உலகச் சுகாதார நிறுவனம் உதவிக்கு முன்வந்தது. பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களின் தலைமையில், 1959ஆம் ஆண்டு முதல் கழகத்தார் ஊரூராகச் சென்று பறவைகளைப் பிடித்து, உண்ணிகளைச் சேகரித்து, வளையமிட்டு விடுத்தனர். பறவைகளின் மேல் எழுந்த ஐயம் உறுதிப்படவில்லை. ஆனால் அந்த ஐயத்தின் பயனாகப் பாரத நாட்டுப் பறவைகளின் பயண வழிகள் முதன்முறையாக முறைப்படி ஆராயப்பட்டன. பரத்பூர் ஏரியில் வளையமிடப்பட்ட வாத்துகள் மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் கண்டெடுக்கப்பட்டன.

அந்த ஆராய்ச்சியின் போக்கில் சிறப்புப் பெற்ற தமிழகத்து இடம் கோடிக்கரை. வேதாரணியத்துக்குத் தெற்கே நிலம் கடலுக்குள் நீட்டிய முழங்கை போலத் திரும்பும் அவ்விடத்தில், ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக்கு நீரிணை, நடுவே உப்பளங்களும் சேற்று நிலங்களும் உலர்ந்த காடும் உள்ளன. வடக்கிலிருந்து கரையோரமாக இறங்கி வரும் பறவைக்கு, கடலைக் கடந்து இலங்கை செல்லுமுன் இறுதியாகக் கால் ஊன்றக் கிடைக்கும் தரை அதுவே. அதனாலேயே கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் பூநாரையும் அங்கே கூட்டங் கூட்டமாக இறங்குகின்றன. 1967ஆம் ஆண்டில் அது காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. 1980களிலிருந்து பம்பாய்க் கழகத்தார் அங்கே பறவைப் பயண ஆராய்ச்சியை நிலைகொள்ளச் செய்தனர். பறவைகளைப் பிடிக்க அவர்கள் துணைக்கழைத்தவர்களுள், பீகார் மாநிலத்தில் வழிவழியாகப் பறவை பிடிக்கும் மீர்ஷிகார் என்ற மரபினரும் இருந்தனர். விற்பதற்காகப் பறவையைப் பிடித்த கை, இறகு கசங்காமல் பிடித்து ஆராய்ச்சியாளரிடம் ஒப்படைக்கும் கையாக மாறிற்று. பழைய கலை அழியவில்லை. அதன் பயன்தான் மாறிற்று.

வளையமிடும் முறையைச் சற்று விளக்குவோம். நிழலில் நின்றால் கண்ணுக்கே புலப்படாத மெல்லிய நூலால் பின்னிய வலையை, புதர்களுக்கு நடுவே இரு கம்பங்களில் கட்டி விடியுமுன் விரிக்கிறார்கள். பனிமூட்டம் போல் தோன்றுவதால் ஆங்கிலத்தில் அதற்குப் பனிமூட்ட வலை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. ஜப்பானியர் நெடுங்காலம் கையாண்ட வலை அது. பறந்து வரும் பறவை வலையில் மோதி, அதன் மடிப்பில் மெல்ல விழுந்து தங்கும். குறித்த இடைவேளைதோறும் வலையைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். மழையிலும் பலத்த காற்றிலும் கடும் வெயிலிலும் வலை விரிக்கலாகாது. பறவையை விடுவித்து மெல்லிய துணிப்பையில் இட்டு, நிழலில் இருக்கும் மேசைக்குக் கொண்டு வருவர். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே அதன் கழுத்து மெத்தென அடங்க, சிறகுகள் உள்ளங்கையில் ஒடுங்கியிருக்கும். காலின் பருமனுக்கு ஏற்ற வளையத்தைத் தேர்ந்து, அதற்கென அமைந்த குறட்டால் மூடுவர். வளையம் காலின் மேல் தாராளமாகச் சுழல வேண்டும். அதன் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவும் கூடாது, இடைவெளி விட்டு நூல் சிக்கவும் கூடாது. பின்பு சிறகின் நீளத்தையும் அலகின் நீளத்தையும் அளப்பர், எடையை நிறுப்பர், மார்பின் மேற்குழியில் இறகை ஊதி விலக்கி, தோலின் கீழே மஞ்சளாகத் தெரியும் கொழுப்பின் அளவைக் காண்பர். அந்தக் கொழுப்பே அதன் வழிச்சோறு. குழி நிறைந்திருந்தால் பறவை நெடும்பயணத்துக்கு ஆயத்தமாயிருக்கிறது. குழி வெறுமையாயிருந்தால் அது களைத்து வந்திறங்கியது. சில நாளேனும் இங்குத் தங்கி இரை தேடியாக வேண்டும். இவையனைத்தும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஏட்டில் பதிந்தவுடன் கையை விரிப்பர், பறவை போய்விடும்.

இவ்வேலைக்குக் கருவிகளினும் மிகுதியாக வேண்டியவை ஆட்களும் பொறுமையும் ஆகும். வளையமிட்ட சிறு பறவைகளில் நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்றைப் பற்றியே மறுபடியும் செய்தி கிட்டும். ஆகவே ஆயிரக்கணக்கில் வளையமிட்டாலொழியப் பயன் விளையாது. 1963 முதல் 1971 வரை ஆசியக் கண்டத்தின் பல நாடுகளில், மெக்ளூர் என்ற அமெரிக்க அறிஞரின் தலைமையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டனர். சம்பளத்துக்கு ஆள் வைத்து எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் இவ்வாறு செய்வது இயலாது. அதனால் பிரிட்டனில் இப்பணியின் பெரும்பகுதியையும், வட அமெரிக்காவில் ஒரு பகுதியையும் தொண்டர்களே தாங்குகின்றனர். பள்ளி ஆசிரியர், தபாலகத்தார், ஓய்வு பெற்றோர் முதலானோர் ஆண்டுக்கணக்கில் பயிற்சி பெற்று, உரிமம் பெற்றபின், இலையுதிர் காலத்து விடியற்காலைகளில் வலையருகே நிற்கின்றனர்.

அவர்களில் பலர் வேலை செய்யும் இடம் நகரத்துப் பொதுத் தோட்டம். காட்டை விட்டுத் தோட்டத்தைத் தேர்ந்தது ஏன் எனக் கேட்கலாம். இரவெல்லாம் பறந்து விடியலில் இறங்க இடம் தேடும் பறவைக்கு, கட்டிடங்களுக்கு நடுவே தெரியும் பசுமையும் நீரும் கடலுக்கு நடுவே தெரியும் தீவு போன்றவை. பரந்த காட்டில் சிதறிப் போகும் பறவைகள் சிறிய தோட்டத்தில் ஒன்று திரளுகின்றன. ஆண்டுதோறும் அதே மரங்களுக்கிடையே, அதே அளவு வலையை, அதே நேரம் விரித்தால், இவ்வாண்டுக் கணக்கைச் சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒப்பிட முடிகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, தோட்டத்துக்கு மக்கள் வருகிறார்கள். ஏட்டில் ஆயிரம் பக்கம் படித்தும் பெறாத அறிவை, படபடக்கும் அந்த நெஞ்சை ஒரு முறை அருகிருந்து கண்ட குழந்தை பெற்றுவிடுகிறது. சாம்பல் வாலாட்டிக் குருவி இமயத்திலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டுவது. குளிர்காலத்தைக் கழிக்க அது ஆண்டுதோறும் நகரத்து நடுவிலுள்ள ஒரே சிறு தோட்டத்துக்குத் திரும்பி வருவதும் உண்டு. நமக்கு ஒரு தோட்டம் பொழுதுபோக்கும் இடம். அதற்கோ, அது பிறந்த ஊருக்கு நிகரான குடியிருப்பு.

இங்கே ஓர் ஆட்சேபணை எழுகிறது. அதை ஒதுக்கிவிட்டுச் செல்வது முறையன்று. பறவையின் மேல் அன்புடையோர் அதை வலையில் பிடிக்கலாமா? அதன் காலில் விலங்கு போன்றதொன்றைப் பூட்டலாமா? இக்கேள்வியைக் கேட்பவர் உள்ளம் நல்ல உள்ளம். பறவையைப் பிடிப்பதில் அபாயமே இல்லை என்று சொல்ல முடியாது. பழகாத கை பறவையைக் கொன்றுவிடும். அதனாலேயே பயிற்சியும் உரிமமும் கட்டாயமாயின. பறவையின் நலம் முதலாவது, வளையம் இரண்டாவது என்பதே இத்துறையின் முதற் பாடம். களைத்த பறவையை அளக்காமலே விட்டுவிட வேண்டும். வளையத்தின் எடையோ பறவையின் எடையில் மிகச் சிறு பங்கே. பசிபிக் பெருங்கடலில் மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டில் சாண்ட்லர் ராபின்ஸ் என்ற அறிஞர் ஒரு பெண் ஆல்பட்ராஸ் பறவைக்கு வளையமிட்டார். 2002ஆம் ஆண்டில் அவரே மீண்டும் அத்தீவுக்குச் சென்று வளையமிட்ட பறவைகளுள் ஒன்று, பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 46 ஆண்டுகட்கு முன் தாம் வளையமிட்ட அதே பறவை எனத் தெரிந்தது. உப்புநீரில் வளையம் தேயத் தேயப் புது வளையம் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்தையும் எவரோ சலிக்காமல் எழுதி வைத்ததன் பயன் அது. ‘விஸ்டம்’, அதாவது ஞானம், என்று பெயரிடப்பட்ட அப்பறவை 2024ஆம் ஆண்டு இறுதியில் எழுபது வயதைக் கடந்த நிலையில் மறுபடியும் ஒரு முட்டையிட்டது. வளையம் அதன் வாழ்வுக்குத் தடையாகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

ஆனால் சான்றை அறிந்து வைப்பது மட்டும் போதாது. அறிவு பாதுகாப்பாக மாற வேண்டும். நாகாலாந்தின் வோக்கா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே, அமூர் வல்லூறுகள் இலையுதிர் காலத்தில் பெருந்திரளாக வந்து தங்கும். 2012ஆம் ஆண்டில் அவை ஆயிரக்கணக்கில் வலையிட்டுக் கொல்லப்பட்ட செய்தி உலகெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டே ஊர் மன்றங்கள் கூடி வேட்டையைத் தடுத்தன. அந்த 2013ஆம் ஆண்டிலேயே மூன்று வல்லூறுகளுக்கு வளையத்தோடு செயற்கைக்கோள் கருவியும் பொருத்தப்பட்டது. ஒன்றுக்கு அவ்வூரின் பெயரான பாங்டி என்பதையே சூட்டினர். தம் ஊர்ப் பெயர் தாங்கிய பறவை அரபிக் கடலைக் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று திரும்பும் வழியை அம்மக்கள் நாள்தோறும் கேட்டறிந்தனர். பறவை எங்கே போகிறது என்று தெரியாத வரையில் அது இறைச்சி. தெரிந்தபின் அது உறவு.

தமிழருக்கு இந்த உறவு புதிதன்று. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியின் பறவைகளைத் துப்பாக்கிக்காரர்களிடமிருந்து காக்க வேண்டுமென்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆட்சியாளரிடம் ஆணை பெற்றனர். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிப் பறவைக் காப்பிடத்தை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அந்த மரபில் வந்த நாம் இத்தீவில் என்ன செய்யலாம்?

பர்மாவின் தென்முனைக்கும் சுமத்திராவுக்கும் இடையே கடலில் நாட்டிய படிக்கற்கள் போன்றவை நம் தீவுகள். பொன்னிற உப்புக்கொத்தி, கல்திருப்பி உள்ளான், பழுப்புக் கீச்சான், தகைவிலான் முதலியன இப்படிக்கற்களில் கால் வைக்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, தென் அந்தமான் நிலமே தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்கள் கடல்நீரில் மூழ்கின. உழவருக்கு அது ஈடு செய்ய இயலாத இழப்பு. அந்த வயல்களே இன்று நீர்ப்பறவைகள் இரை தேடும் சதுப்பாகிவிட்டன. நமக்கு அழிவாக வந்த ஒன்றைப் பறவைகள் தமக்கு வாழ்வாக்கிக் கொண்டன. அச்சதுப்பைத் தூர்ப்பதா, காப்பதா என்ற கேள்வி எழுமாயின், எந்தப் பறவை எங்கிருந்து வந்து அங்கே எத்தனை நாள் தங்குகிறது என்ற கணக்கே அதற்காக வாதாடும். அக்கணக்கு இல்லையெனில் வாதாடுவார் இல்லை.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை சில உள. முதலாவது, வலையை நாமே விரிக்கலாகாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றிக் காட்டுப் பறவையைப் பிடிப்பது குற்றம். கற்க விரும்பும் இளைஞர் பயிற்சி பெற்றவரிடம் கற்க வேண்டும். இரண்டாவது, காண்பதை எழுதி வைக்கலாம். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நம் நகரத்தில், காந்தி பூங்காவின் குளக்கரையிலும், கடற்கரைப் பூங்காவிலும், சிடியா தாப்பு முனையிலும் புரட்டாசி முதல் கார்த்திகை வரை வாரம் ஒரு காலை நின்று, எந்தப் பறவை எந்த நாளில் முதலில் வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிப்பது எந்த மாணவனாலும் முடியும். பத்து ஆண்டு தொடர்ந்து எழுதிய சாதாரண நோட்டு ஒரு பெரும் ஆராய்ச்சிக்கு நிகராகும். சில கரைப்பறவைகளின் காலில் வண்ணக் கொடி போன்ற பட்டை இருக்கும். தொலைநோக்கி வழியாக அதன் நிறத்தையும் எழுத்தையும், எந்தக் காலில் எந்த இடத்தில் உள்ளது என்பதையும் குறித்தாலே போதும்; பறவையைத் தொட வேண்டுவதில்லை.

மூன்றாவதுதான் இன்றைய பேச்சின் தலையாய வேண்டுகோள். அதை மீன்பிடிப்போரையும் படகோட்டிகளையும் கரையோரத்துச் சிறுவரையும் நோக்கிச் சொல்கிறோம். இறந்த பறவை ஒன்றின் காலில் வளையம் காணின் அதை விளையாட்டுப் பொருளாக வைத்துக்கொள்ளாதீர்கள். போலீசும் வழக்கும் வருமோ என்று அஞ்சிக் கடலில் எறிந்துவிடவும் வேண்டா. இறந்து கிடந்ததைக் கண்டதாகச் சொல்வது குற்றமன்று. வெறுங்கையால் பறவையைத் தொடாது, வளையத்தின் எழுத்துகளையும் எண்ணையும் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இடம், நாள், நிலை ஆகிய மூன்றையும் சேர்த்து வனத்துறை அலுவலகத்திற்கேனும், வளையத்தில் பொறித்துள்ள முகவரிக்கேனும் தெரிவியுங்கள். நம் நாட்டு வளையங்களில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிவிக்கவும் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருக்கும். பிறநாட்டு வளையமாயினும் கழகத்தார் உரியவருக்குச் செய்தி சேர்ப்பர். உயிரோடு பிடிபட்ட பறவையாயின், எண்ணைக் குறித்துக்கொண்டு வளையத்தைக் கழற்றாமல் அதை விட்டுவிடுங்கள். அதன் பயணம் இன்னும் முடியவில்லை.

யாரோ ஒருவர் எங்கோ ஒரு பனிக்காலைப் பொழுதில் நடுங்கும் விரலால் பூட்டியனுப்பிய அந்த வளையம் நம் பெயருக்கு வந்த கடிதம். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதுவது தமிழர் பண்பு. இவ்வைப்பசியில் ஃபீனிக்ஸ் பே கரையில் இறங்கும் பறவைகளுள் எதன் காலில் அக்கடிதம் உள்ளதென எவரும் அறியார். கண்ணைத் திறந்து வைத்திருப்போமாக.